திரையிலே கூவிய பேயும் பனியிலே கூவிய பெண்ணும்

கல்லுமலைத் தோட்டத்து வாசகசாலையின் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, கழுத்திலே மஃப்ளர் இறுகியிருந்தாலும் கையிலே கொடை இறுகாத கனிவாளர், ஹட்டன் கடைவீதி ஜவுளிக்கடை முதலாளி செல்லசாமி அவர்களே! வெள்ளித்திரையை நமக்குத் திறந்து வைத்து, வெள்ளிக்கிழமை தோறும் புதுப்படம் மாற்றி, இன்று நம் அழைப்பை ஏற்று மலையேறி வந்திருக்கும் டாக்கீஸ் மேனேஜர் லெட்சுமணன் அவர்களே! கங்காணிமார்களே, கணக்கப்பிள்ளைமார்களே! கொழுந்தெடுத்துக் காய்த்த விரலால் குழந்தையின் கண்ணீரைத் துடைக்கும் தாய்மார்களே! முன்வரிசையில் இடம் பிடித்துவிட்டு, பின்வரிசையில் வம்பளக்கும் வாலிபத் தோழர்களே! இவர்களோடு, நாற்காலி கேட்காமல், சோடா கேட்காமல், கூரை மூலையில் குந்தியிருந்து கேட்டுக்கொண்டிருக்கக்கூடிய ஆவிகளே, அருவங்களே! உங்கள் அனைவருக்கும் இந்தக் கொழுந்து லொறி டிரைவர் நாகரத்தினத்தின் பணிவான வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆவிகளை விட்டுவிட்டு நான் வணக்கம் சொன்னால் அது நன்றிகெட்ட வேலை. என் பெயருக்கு முன்னால் ‘பேய்’ என்ற பட்டத்தைப் போட்டு அழைப்பவர்கள் நீங்கள். ‘பேய் நாகரத்தினம் வாறாரு, ஓரமா நில்லுங்க’ என்று லொறிச் சத்தம் கேட்டதும் சொல்பவர்கள் நீங்கள். அந்தப் பட்டத்தை நம்பித்தான் வாசகசாலைத் தோழர்கள் இன்று எனக்கு இந்தத் தலைப்பைக் கொடுத்திருக்கிறார்கள்: ‘சமீபத்துப் பேய்ப் படங்கள், ஒரு ரசிகனின் பார்வை.’ மேனேஜர் ஐயாவும் பக்கத்தில் இருக்கிறார், நாலு நல்ல வார்த்தை சொல்வான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். மன்னிக்க வேண்டும். நான் இன்று நாலு கெட்ட வார்த்தை சொல்லத்தான் வந்திருக்கிறேன். தாய்மார்கள் காதைப் பொத்த வேண்டாம், அந்தக் கெட்ட வார்த்தை இல்லை!

எனக்குப் பேய்ப் படம் பிடிக்கும். பிடிக்கும் என்றால் சாதாரணப் பிடிப்பா? பித்துப் பிடித்த பிடிப்பு! பட்டிப்பொலப் பக்கம் தண்டவாளத்தோரம் தலையில்லா முண்டம் நடக்கிறது என்று யாரோ சொன்னார்கள். ரயில் ஏறிப் போய் இறங்கி நின்றவன் நான். பொழுது சாய்கிற நேரம். பனி இறங்குகிறது. சொன்னது சொன்னபடி வந்தது ஐயா! தோள் இருக்கிறது, கை இருக்கிறது, தலை இல்லை. ஆனாலும் ஓடவில்லை. பேயைப் பார்க்க வந்தவன் பேய் வந்ததும் ஓடலாமா? நின்றேன். கிட்டே வந்தது. கோட்டுக்குள்ளிருந்து ஒரு குரல், ‘மொகத மஹத்தயா?’ என்றது. என்ன ஐயா வேண்டும் என்கிறது சிங்களத்தில்! குளிர் தாங்காமல் கோட்டைத் தலைக்கு மேலே இழுத்து மூடிக்கொண்ட ஸ்டேஷன் போர்ட்டர்! இரண்டு பேரும் ஒரு பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சிரித்தோம். அன்றைக்கு நான் ஓடியிருந்தால், அந்த நல்ல மனுஷன் இன்றைக்கும் பட்டிப்பொலையில் முண்டமாகத்தான் இருந்திருப்பார்.

இப்படி நின்று பார்க்கிற ரசிகனுக்கு, இப்போது வருகிற படங்கள் என்ன தருகின்றன? நான் கேட்கிறேன், கொதிப்போடு கேட்கிறேன், கேலரியில் உட்கார்ந்து மூட்டைப்பூச்சிக்கு இரத்த தானம் செய்த உரிமையோடு கேட்கிறேன்!

பேய் என்றால் பெண்ணாகத்தான் இருக்க வேண்டுமா? ஆண்பிள்ளை செத்தால் நேரே மோட்சம், பொம்பளை செத்தால் முருங்கை மரமா? எந்தச் சட்டம் ஐயா இது? பேய் என்றால் வெள்ளைப் புடவைதான் கட்ட வேண்டுமா? அந்தப் புடவையில் ஒரு பொட்டு அழுக்கு உண்டா? காடு மேடெல்லாம் அலைகிறாளாம், கல்லறையில் குடியிருக்கிறாளாம், கரை மடங்காத சலவைப் புடவை! நம் தோட்டத்துச் செம்மண்ணில் அந்தப் பேயை ஒரு நடை நடந்து காட்டச் சொல்லுங்கள். முழங்கால் மட்டும் சிவந்துபோய் ‘சவுக்காரம் இருக்கா?’ என்று நாம் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்கு வந்து நிற்கும்!

அதுவும் பங்களாவில்தான் குடியிருக்கும். நாம் வரிசையாய்க் குடியிருக்கிற லயத்துக்கு வராது. ஏன் வராது? ஒற்றை அறைக் காம்பறாவில் மாமன், மச்சான், மருமகள், மூன்று பிள்ளைகள், இரண்டு கோழி படுத்திருக்கும்போது பேய் எங்கே ஐயா படுக்கும்? அதற்கும் தெரிந்திருக்கிறது, நம்மைப் பிடித்தால் நாம் பாதிப் பாயைத்தான் கொடுப்போம் என்று!

இங்கிலீஷ் படம் ஒன்று வந்தது. மனிதரின் இரத்தத்தை உறிஞ்சுகிற பேயாம். முதல் வகுப்பில் இருந்த சீமாட்டி ஒருத்தி ‘ஐயோ’ என்று அலறினாள். நமது கேலரியில் ஒரு சத்தம் இல்லை. எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவர் மெதுவாகக் கேட்டார்: ‘ஏம்ப்பா, ஒரு கைப்புடி உப்ப அள்ளிப் போட்டா உட்டுட்டுப் போயிராது?’ அட்டைக்கடி படாத கால் நம்மில் எத்தனை? அட்டைக்குப் பயப்படாதவன் அதற்கா பயப்படுவான்?

இதெல்லாம் போகட்டும். இத்தனையையும் பொறுத்துக்கொண்டு, பயந்து, பதறி, பக்கத்து ஆள் சட்டையைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை உட்கார்ந்தால், கடைசியில் என்ன செய்கிறான்? பேயே இல்லை என்கிறான்! சொத்துக்கு ஆசைப்பட்ட சித்தப்பன் கட்டிய வேஷம் என்கிறான்! போலீஸ் வருகிறது, சித்தப்பன் தலையைக் குனிகிறான், கதாநாயகன் கலியாணம் கட்டுகிறான். அடப்பாவிகளா! பசித்தவனை இலை போட்டு உட்காரவைத்து, நெய் ஊற்றி, கடைசியில் சோற்றுப் பானை காலி என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பேய்ப் படம் எடுக்கிறவனுக்குப் பேய் மேல் ஒரு நம்பிக்கை வேண்டாமா?

வீரய்யா அண்ணன் பின்னாலிருந்து என்ன சொல்கிறார்? ‘அப்ப ஏன்யா போறே?’ என்கிறார். நல்ல கேள்வி. போவேன் அண்ணே. இன்னும் போவேன். ஏன் என்று சொல்கிறேன்.

பயம் கெட்டது அல்ல. நமக்குப் பயம் சோறு போட்டிருக்கிறது. தேயிலை அரைக்கிற ஸ்டோரிலே இயந்திரத்துச் சாமி ரோதமுனிக்கு எலுமிச்சங்காய் வைக்காமல் யார் இயந்திரத்தைத் தொடுவார்கள்? அந்தப் பயம்தான் தூக்கக் கலக்கத்தில் உருளைக்குள் கையை விடாமல் எத்தனை பேரைக் காத்திருக்கிறது! கவ்வாத்துச் சாமிக்குக் கும்பிடு போடாமல் யார் தேயிலைச் செடி வெட்டக் கத்தியை எடுப்பார்கள்? மாசி மாதம் காமன் கூத்திலே, தீப்பந்தம் சூழ வீரபத்திரன் மலையிலிருந்து இறங்கி ஓடி வருகிறானே, அப்போது நமக்கு வருகிற பயத்துக்கு ஈடு எந்தத் திரையிலே உண்டு? குலை நடுங்குகிறது. குழந்தை அலறுகிறது. ஆனால் அந்த நடுக்கத்திலே நாம் என்ன செய்கிறோம்? பக்கத்தில் நிற்பவர் கையைப் பிடிக்கிறோம். அது யார் கை என்று பார்ப்பதில்லை. பயம் போன பிறகுதான் பார்க்கிறோம். அதுதான் ஐயா நல்ல பயம். மனிதனை மனிதனிடம் கொண்டுபோய்ச் சேர்க்கிற பயம். அதைத் தேடித்தான் நான் டாக்கீஸ் டாக்கீஸாக அலைகிறேன்.

ஆனால் நாலு மாதத்துக்கு முன்னால் நம் தோட்டத்துக்குள் புகுந்தது எந்தப் பயம்?

இப்போது சிரிப்பு நின்றுவிட்டது. தெரியும். நான் எதற்கு வருகிறேன் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. மேனேஜர் ஐயாவுக்கும் தலைவருக்கும் தெரியாது, அவர்களுக்காகச் சொல்கிறேன்.

ஐயா, எங்கள் மலையில் பனி இறங்கினால் நீட்டிய கை தெரியாது. காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக் கலைந்து பெண்கள் மலைக்கு ஏறும்போது ஒரு வழக்கம் உண்டு. தனியாக வருகிறவள் குரல் கொடுப்பாள். பாட்டாக இருக்கும், கூவலாக இருக்கும். அதைக் கேட்கிறவள் எதிர்க்குரல் கொடுக்க வேண்டும். ‘ஆரது?’ ‘நாந்தான்!’ என்று பேர் சொல்லிக்கொள்வார்கள். பள்ளம் எது, பாதை எது என்று அந்தக் குரலைப் பிடித்துத்தான் நடப்பார்கள். பன்றி இருந்தால் ஒதுங்கும், சிறுத்தை இருந்தால் விலகும். மூன்று வருஷமாக முகம் பார்த்துப் பேசாத நாத்தனார்மார் இந்தத் தோட்டத்தில் உண்டு. பெயர் சொல்ல மாட்டேன், இரண்டு பேரும் இங்கேதான் இருக்கிறார்கள்! அவர்கள்கூடப் பனியில் ஒருத்தி கூவினால் மற்றவள் எதிர்க்குரல் கொடுப்பாள். கொடுத்துவிட்டு, கிட்டே வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பகை பகைதான். பனி பனிதான். இது நமக்கு யாரும் எழுதி வைத்துப் போன சட்டம் இல்லை. ஆனாலும் யாரும் மீறியதில்லை.

நாலு மாதத்துக்கு முன்பு வரை.

அப்போது ஒரு படம் வந்தது. மலை, பனி, வெள்ளை முக்காடு போட்ட பேய். அது பாடுகிறது. பாடிவிட்டுப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறது. யார் பதில் சொல்கிறார்களோ, அவர்கள் விடிந்தால் பிணம். ஏழாம் நம்பர் மலையில் கொழுந்தெடுக்கும் பெண்கள் சேர்ந்து அந்தப் படத்துக்குப் போனார்கள். ராக்காயி அக்காதான் கூட்டிக்கொண்டு போனது. பயந்தார்கள், சந்தோஷமாகப் பயந்தார்கள். அடுத்த கிழமைதான் அம்மாக்கண்ணு அக்காவுக்கு அது நடந்தது.

அம்மாக்கண்ணு அக்கா புருஷனை இழந்தவர். மகள் ரத்னாவோடு மேல் லயத்தில் இருக்கிறார். அன்றைக்கு மகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஆயத்தம் செய்து வைத்துவிட்டுப் பிந்தி வந்தார். நல்ல பனி. தலையிலே கொங்காணி, மாவுச் சாக்கை மடித்துப் போட்ட வெள்ளைக் கொங்காணி. தாய்மார்களே, உங்களில் யாரிடம் அந்த மாவுச் சாக்குக் கொங்காணி இல்லை? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்! ஒரு கைகூட இல்லை. ஆக, இந்த மண்டபம் நிறைய பேய்கள்தான் உட்கார்ந்திருக்கின்றன!

கல்படியில் கால் வழுக்கி, மழைத்தண்ணீர் ஓடுகிற கானுக்குள் விழுந்தார் அம்மாக்கண்ணு. ஆள் ஆழமான கான். கால் முறிந்தது. மேலே பாதையில் பெண்கள் பேசிக்கொண்டு போவது அவருக்குக் கேட்டது. குரல் கொடுத்தார். எதிர்க்குரல் இல்லை. பேச்சும் நின்றது. முட்டியை ஊன்றி எழும்பி, தலையைக் கானுக்கு மேலே தூக்கி, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ‘ராக்காயீ!’ என்று கூப்பிட்டார்.

அவர்கள் பார்த்தது என்ன? பனிக்குள் ஒரு வெள்ளை முக்காடு. கேட்டது என்ன? பெயர் சொல்லி ஒரு பெண் குரல். கூடையும் கொங்காணியும் பறக்க ஓடினார்கள். மலைக்குப் போய்க் கங்காணியிடம், ‘கானுக்குள்ள பேய் கூப்புடுது’ என்றார்கள். கங்காணி என்ன செய்தார்? அந்தப் பக்கம் ஒருவரும் போக வேண்டாம் என்று கட்டளை போட்டார். கங்காணியாரே, குனியாதீர்கள், நிமிர்ந்து கேளுங்கள். பனி கலைந்து, வெயில் வந்து, பகல் கொழுந்து நிறுக்கிற நேரத்துக்கு நான் லொறியைக் கொண்டு வந்தேன். தேயிலைச் செடியில் ஒரு மாவுச் சாக்கு தொங்குவதைப் பார்த்து இறங்கிப் போனேன். அத்தனை நேரமும் அந்த மனுஷி கானுக்குள் ஈரத்தில் கிடந்திருக்கிறார். குரல் கம்மிப் போயிருந்தது. என்னைப் பார்த்ததும் ‘தண்ணி கொடு’ என்று கேட்கவில்லை ஐயா. ‘காலு வலிக்குது’ என்று சொல்லவில்லை. என்ன சொன்னார் தெரியுமா?

‘கிட்ட வா தம்பி. நான் பேயில்ல.’

தோழர்களே! உயிரோடு இருக்கிற ஒரு மனுஷி, உடன் வேலை செய்கிறவர்களின் ஊரிலே, தான் பேய் இல்லை என்று கெஞ்ச வேண்டுமா? அன்றைக்குக் கொழுந்துச் சாக்கின் மேலே அவரைக் கிடத்தி ஆஸ்பத்திரிக்கு லொறி ஓட்டினேனே, அப்போது எனக்கு வந்ததுதான் பயம். எந்தப் படத்திலும் நான் பார்க்காத பயம்!

இதிலே எனக்கு அடிவயிறு பற்றியெரிகிற சங்கதி ஒன்று உண்டு. அந்தப் படத்திலும் கடைசியில் பேய் இல்லை. சித்தப்பன் ஒரு பெண்ணுக்கு முக்காடு போட்டு, மரத்திலே ஒலிபெருக்கி கட்டிக் கூப்பிடவைத்த கபடம். நான் இத்தனை காலமும் திட்டித் தீர்த்த அதே முடிவு! ஆனால் நம் பெண்கள் அந்த முடிவைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? கடைசி பஸ்! படம் முடிகிற வரை இருந்தால் பஸ் போய்விடும். எந்தப் படத்துக்குப் போனாலும் நாம் முடிவைப் பார்ப்பதில்லை. பேய் வருகிறவரை பார்ப்போம், பேய் பொய் என்று தெரிவதற்குள் எழும்பி ஓடி பஸ் பிடிப்போம். முடிவை டாக்கீஸில் விட்டுவிட்டுப் பேயை மட்டும் தோட்டத்துக்குக் கூட்டி வந்தோம். மேனேஜர் ஐயா அவர்களே! பட்டணத்தில் வீடு இருக்கிறவனுக்கு முழுப்படம், மலையில் லயம் இருக்கிறவனுக்கு முக்கால் படமா? ஞாயிற்றுக்கிழமைக் காட்சியை ஒரு மணி நேரம் முந்தி ஆரம்பித்தால் உங்கள் திரை கிழிந்துவிடுமா? தலையை ஆட்டுகிறார். ஆம் என்று ஆட்டுகிறாரா, குளிருக்கு ஆட்டுகிறாரா? ஆம் என்கிறார்! கைதட்டுங்கள், சாட்சிக்குத் தட்டுங்கள்.

ஆனால் முழுக் குற்றத்தையும் அவர் தலையில் கட்டிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. ஏனென்றால் அம்மாக்கண்ணு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நடந்ததை எந்த டாக்கீஸ் நமக்குக் காட்டிக் கொடுத்தது? ‘பேயடிச்ச கால்’ என்றோம். பக்கத்துக் காம்பறா வாசலில் வேப்பிலை கட்டினோம். பீலியில் அவர் குடம் வைத்தால் மற்றக் குடங்கள் விலகின. கால் சேர்ந்து, நாளைக்கு மறுபடி வேலைக்கு வருகிறவருக்குத் கொழுந்தெடுக்கத் தனியாக ஓரத்துச் செடி நிரை ஒதுக்கியிருக்கிறார்கள். நேற்றுப் போய், ‘அக்கா, வாசகசாலை விழாவுக்கு வாங்க’ என்று கூப்பிட்டேன். ‘நான் வந்தா சனம் எந்திரிச்சுப் போயிரும் தம்பி’ என்றார். ‘வேலைய விட்டுப் பத்துச்சீட்டு எழுதி வாங்கிக்கிட்டு வேற தோட்டம் பாத்துப் போயிர்றேன். பேரு தெரியாத ஊருல பேர் சொல்லிக் கூப்புட வேண்டியதில்ல பாரு’ என்றார்.

கேட்டீர்களா? இந்த மண்ணிலே பிறந்து, இந்த மலையிலே விரல் தேய்ந்த ஒருத்தி, நம்மை விட்டுப் போகப் பார்க்கிறாள். துரை விரட்டவில்லை. கங்காணி விரட்டவில்லை. நாம் விரட்டுகிறோம்!

படமெடுக்கிற முதலாளிமாரே, உங்களுக்குப் பேய்க்கதை வேண்டுமா? நான் தருகிறேன். வெள்ளைப் புடவை வேண்டாம், சலங்கை வேண்டாம், ஆந்தை வேண்டாம். பனிக்குள் ஒரு பெண் விழுகிறாள். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். எல்லாருக்கும் கேட்கிறது. ஒருவரும் போகவில்லை. அவ்வளவுதான் கதை. அந்தப் படத்தில் பேய் யார்? கானுக்குள் கிடந்தவளா? காது கேட்டும் ஓடியவர்களா? சொல்லுங்கள்! பேய்ப் பட்டம் வாங்கிய நான் சொல்கிறேன், அந்தப் படத்தைப் பார்க்கிற தைரியம் எனக்கே இல்லை!

ராக்காயி அக்கா, உங்களை நோகடிக்கச் சொல்லவில்லை. அழாதீங்க. நீங்க ஓடினது பயத்துல. அதுக்கு மன்னிப்பு உண்டு. பயம் போன பின்னாடியும் திரும்பி வராம இருக்கமே நாம எல்லாரும், அதுக்குத்தான் மன்னிப்பு இல்ல.

என்ன அக்கா? சத்தமாச் சொல்லுங்க. ‘எனக்கு அது அவ கொரலுன்னு தெரியும்’ என்கிறார். ‘தெரிஞ்சும் வாய் வரல’ என்கிறார். போதும் அக்கா, உட்காருங்க. உட்கார மாட்டேன் என்கிறார். வழி விடுங்கள். தாய்மார்கள் கொஞ்சம் காலை மடக்கிக்கொள்ளுங்கள், வாசலுக்குப் போகிறார். கதவைத் திறந்து விடுங்கள். பனி உள்ளே வந்தால் வரட்டும், தலைவர் அவர்கள் மஃப்ளர் கட்டியிருக்கிறார்கள்.

மேல் லயம் இங்கிருந்து கூப்பிடு தூரம். சத்தம் போடாதீர்கள். பிள்ளையைக் கொஞ்சம் அமர்த்துங்கள் அம்மா.

‘அம்மாக்கண்ணூ!’ என்று கூப்பிட்டுவிட்டார் ஐயா, கூப்பிட்டுவிட்டார். பதில் இல்லை. இருங்கள். இன்னொரு முறை கூப்பிடுங்க அக்கா.

‘ஏ அம்மாக்கண்ணூ! நாந்தாண்டி, ராக்காயி!’

பொறுங்கள். கேட்டதா? உங்களுக்குக் கேட்டதா? மேலேயிருந்து வருகிறது. குரல் கம்மல்தான், அவர் குரல்தான். என்ன சொல்கிறார் தெரிகிறதா?

‘இப்பத்தான் காது கேட்டுச்சாக்கும்!’ என்கிறார்!

ராக்காயி அக்கா மேல் லயத்துக்கு ஏறுகிறார். பின்னாலேயே இரண்டு பேர், நாலு பேர். வீரய்யா அண்ணனும் எழும்பிவிட்டார், வாசலில் வேப்பிலை கட்டியவர் அவர்தான். போங்க அண்ணே, போய் அவுத்துப் போடுங்க. என் கூட்டம் பாதி காலியாகிவிட்டது. எந்தப் பேச்சாளனுக்கும் இப்படி ஒரு பாக்கியம் கிடைத்திருக்காது. இதற்கு மேல் நான் பேசினால் அதுவும் கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட கதையாகிவிடும். பொறுமையோடு திட்டு வாங்கிய மேனேஜர் ஐயாவுக்கும், மணி அடிக்காமல் என்னைப் பேசவிட்ட தலைவர் அவர்களுக்கும், என் கொதிப்பைக் கேட்டுக் கொதித்த உங்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி கூறி, விடைபெறுகிறேன். வணக்கம்.